ஓடை வரை

(கோஸ்பாயா, 1826. கையெழுத்து வாங்கும் மேஜை முன் எர்சிலியா)

குமாஸ்தா ஐயா, பேனாவை நனைக்குமுன்
ஒன்று கேட்டுக்கொள்ளும்.

ரோமுக்கும் ஃப்ளோரன்ஸுக்கும் எல்லை கிழித்தவர்கள்
'ஓடை வரை' என்று எழுதினார்கள்.
எங்கள் மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று ஓடுகிறது,
அந்தப் பக்கம் ஒன்று.
ஊரில் இரண்டுக்கும் பெயர் ஓடைதான்.
அவர்கள் அந்த ஓடையோடு நின்றுகொண்டார்கள்,
இவர்கள் இந்த ஓடையோடு.
நடுவில் நாங்கள்,
பை ஓட்டைக்குள் நழுவி
அங்கியின் உள்துணியில் தங்கிவிட்ட காசு மாதிரி,
முந்நூற்றெண்பது சொச்சம் வருஷம்.

ஒரு வரி பிசகியதால்
வரி இல்லாத மண்.

சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை.
ஆலங்கட்டி மழைக்கு நாங்களும் தப்பவில்லை.
உபால்தோ ஒரு ராத்திரி
என் எல்லைக்கல்லை இரண்டடி நகர்த்தினான்.
சேவகன் இல்லை. சிறை இல்லை.
மறுநாள் அவன் கொட்டகையில் இலை கட்ட
ஓர் ஆளும் போகவில்லை, அவ்வளவுதான்.
அறுத்த புகையிலை யாருக்கும் காத்திருக்காது.
வியாழக்கிழமை கல் திரும்பி வந்தது,
அவன் தோளில் ஏறிக்கொண்டு.

பெருஜியா பக்கமிருந்து ஒருவன் ஓடிவந்தான்.
சட்டையில் வேறொருவன் ரத்தம்.
கடனுக்குப் பயந்து வந்தவர்களை
வைக்கோலுக்குள் ஒளித்திருக்கிறோம்;
இவனை என்ன செய்வதென்று தெரியவில்லை.
மூன்று இரவு கதவைத் தாழிட்டுத் தூங்கினோம்,
அதாவது தூங்கவில்லை.
பிறகு அவன் போய்விட்டான்.
எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
அதையும் எழுதும்,
எங்கள் கணக்கில் அது நிற்கட்டும்.

இன்னொன்று.
தேவாலயத்தில் குடும்பத் தலைவர்கள் கூடிப் பேசியபோதெல்லாம்
நான் வெளிப்படியில் இலை நரம்பு உரித்துக்கொண்டிருந்தேன்.
யாருக்கும் அடங்காத ஊரில்
இருபத்தாறு வருஷம் ஒருவனுக்கு அடங்கியிருந்தேன்.
இன்று நானும் குடும்பத் தலைவர்.
புருஷன் செத்ததில் கிடைத்த பதவி.
எங்கள் விடுதலையிலும் ஒரு வரி பிசகியிருந்தது, ஐயா.
அதைத் திருத்த ராஜா வேண்டியிருக்கவில்லை.
கொஞ்சம் சண்டை வேண்டியிருந்தது,
கொஞ்சம் காலம்.
அந்தக் காலத்தைத்தான் மூட்டைகட்டி எடுத்துப்போகிறீர்.

தலைக்கு ஒரு வெள்ளிக் காசு.
நத்சரேனோ கடித்துப் பார்க்கிறான்.
உபால்தோ சிலுவைக்குறி போட்டுவிட்டான்,
கல் சுமந்த அதே கையால்.

என்னிடம் புகையிலை வாங்க வருகிறவன்
விலை படியாவிட்டால்
கழுதையைத் திருப்பிக்கொண்டு போவான்.
வைதுகொண்டே போவான்; ஆனாலும் போவான்.
நான் இன்று வேண்டாம் என்றால்
நீர் எதைத் திருப்புவீர்?
உமக்குப் பின்னால் நிற்கிற பையன்
கழுதை கொண்டுவரவில்லை.
தோளில் மாட்டியிருப்பதை
எந்தப் பக்கம் திருப்புவதென்று
அவனுக்கே இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது.
பசியோடு இருக்கிறான்.
அவனுக்கு ரொட்டி கொடுத்தேன்.
அதற்கு ரசீது வேண்டாம்.

சுதந்திரமாக இருக்க
நாங்கள் யாரிடமும் கையெழுத்துப் போட்டதில்லை.
அதை விடுவதற்கு மட்டும்
பதினான்கு கையெழுத்தும், மெழுகும், முத்திரையும்,
மதியம்வரை நிற்கும் கால்வலியுமா?
சரி, நனையும் பேனாவை.
எனக்கு எழுதத் தெரியாது, கேட்கத் தெரியும்.
என்ன எழுதியிருக்கிறீர் என்று
ஒருமுறை உரக்கப் படியும்.

'...மேற்படி மேடும், வீடுகளும், புகையிலை வயல்களும்,
ஓடை வரை உள்ள நிலம் முழுவதும்...'

மறுபடி?

'ஓடை வரை.'

அழகாக எழுதியிருக்கிறீர், ஐயா.
ஓர் எழுத்தையும் மாற்றவேண்டாம்.
குறி எங்கே போடவேண்டும்?